நார்வே வினைச்சொல்லும் ஏகாதசி உப்புமாவும்

வைகுண்ட ஏகாதசியன்று காலையில் நான் பதினான்கு பேருக்கு ரவா உப்புமா கிண்டினேன்.

எழுபத்து மூன்று வயதில் என் முதல் உப்புமா. வெங்காயம் இல்லாதது. கட்டி உள்ளது. தட்டுக்கு மூன்று கட்டி வீதம் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். என் தட்டில் எண்ணிப் பார்த்தபோது மூன்று இருந்தது.

இதற்குக் காரணம் யார் என்று கேட்கிறீர்களா? யாரும் இல்லை. ஒரு வினைச்சொல். அதுவும் தமிழ் வினைச்சொல் இல்லை. நார்வே நாட்டு வினைச்சொல்.

இந்தப் பத்திரிகையில் என் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் மகள் பத்மாவைத் தெரியும். நார்வேயில் பெர்கன் என்ற ஊரில் இருக்கிறாள். அங்கே சதா மழை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோவில் வருவாள். மழை பெய்ததா என்று கேட்பேன். பெய்தது என்பாள். அதோடு என் கேள்விகள் தீர்ந்துவிடும். போனை என் மனைவி வேதாவிடம் கொடுத்துவிடுவேன்.

ஒரு மாதம் முன்பு அப்படி ஒரு ஞாயிறு. அவள் ஆபீஸில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் எல்லாருக்கும் பெரிய விருந்து வைப்பார்களாம். போன வருடமே சொல்லியிருந்தாள். ஞாபகம் வந்து கேட்டேன்.

"விருந்து நன்னா நடந்ததா?"

"நடந்திருக்கும்ப்பா. நான் போகல."

"ஏன், உடம்பு சரியில்லையா? ஜுரமா? அங்க குளிர் வேற..."

"உடம்புக்கு என்ன, நன்னா இருக்கேன். ஒர்க்கர் இக்கே. அதான் போகல."

"யாரு அவன்?" என்றேன்.

பத்மா சிரித்தாள். "அவனும் இல்ல, இவனும் இல்ல. அது இந்த ஊர் பேச்சு. ஒர்க்கென்னு ஒரு வெர்ப். காலம்பற எழுந்ததுலேர்ந்து எல்லார் வாயிலயும் அதுதான்."

பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். புரியாத ஒன்றை அப்படியே விட மனசு வராது. அர்த்தம் சொல் என்றேன்.

"முடியும்ங்கறதுக்கு இங்க வேற வார்த்தை இருக்கு. வேணும்ங்கறதுக்கு வேற வார்த்தை இருக்கு. இது ரெண்டுக்கும் நடுவுல. என்னால போக முடியும். போகப் பிடிக்காதுன்னும் இல்ல. ஆனா உள்ள இருக்கற சரக்கு தீர்ந்துபோச்சு. அதுதான் ஒர்க்கர் இக்கே. இக்கேன்னா இல்ல."

புரிந்துவிட்டது. பல்பு நன்றாக இருக்கிறது. ஒயர் நன்றாக இருக்கிறது. சுவிட்சும் போட்டாயிற்று. பேட்டரியில் சார்ஜ் இல்லை. அதற்கு ஒரு தனி வினைச்சொல்லே வைத்திருக்கிறார்கள்.

"அதை அப்படியேவா சொன்னே, விருந்து நடத்தறவாகிட்ட?"

"அப்படியேதான்."

"அவா என்ன சொன்னா?"

"சரின்னா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? சரின்னா சரி. ஏன் எதுக்குன்னு தோண்ட மாட்டா."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பத்மா இன்னும் சொல்லிக்கொண்டே போனாள். சாப்பாட்டில் போதும் என்றாலும் இதே சொல்தானாம். ஒருவர் பேச்சை இனிமேல் காது தாங்காது என்றாலும் இதே சொல்தானாம். "இதைக் கேள்வியாவும் கேப்பாப்பா. 'கடைக்குப் போயிட்டு வர ஒர்க்கர் டூ?' அப்படின்னு. உனக்குத் தெம்பு இருக்கான்னு முதல்ல கேட்டுட்டுதான் வேலை சொல்லுவா..."

இந்தக் கடைசி விஷயத்தை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேதா விசிலைக் கவனிக்கவில்லை. கையில் கரண்டியோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"பத்மா, அந்த வார்த்தைய இன்னொரு தரம் சொல்லுடி."

"ஒர்க்கர் இக்கே."

"ஒர்க்கர் இக்கே," என்றாள் வேதா. நார்வேக்காரியே சொன்னதுபோல இருந்தது. எனக்கு அந்த 'இக்கே' இன்றுவரை சரியாக வரவில்லை.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? அந்த வாரம் முழுக்க இதே யோசனை.

'முடியலை' என்று சொல்லிப் பாருங்கள். பி.பி. பார்த்தாயா, சுகர் பார்த்தாயா என்பார்கள். தில்லைநகரில் ஒரு டாக்டர் பெயரும், அவரிடம் டோக்கன் வாங்கித்தரும் ஆளின் நம்பரும் பத்து நிமிஷத்தில் வந்து சேரும்.

'இஷ்டமில்லை' என்று சொல்லலாமா? சொல்லலாம். அடுத்த கல்யாணத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதற்கடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகையே வராது.

'சோம்பலாக இருக்கிறது' என்று சொல்லலாம் — இருபது வயதில், ஆணாக இருந்தால்.

'சௌகரியப்படாது' என்பது படித்தவர்கள் சொல்வது. அதற்குப் பதில் தயாராக இருக்கிறது. "நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்." யாருக்குச் சௌகரியப்படாது என்று ஒருவரும் கேட்பதில்லை.

வேறு வழி? பொய்தான். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு, கல்யாண சீசன் வந்தால் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொள்ளும். வைகாசியில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை. பாவம், அவருக்கு ஒர்க்கெ என்று ஒரு சொல் கிடைத்திருந்தால் அந்தக் குழாய் பிழைத்திருக்கும்.

இனி ஏகாதசிக்கு வருகிறேன்.

எங்கள் ஃபிளாட் சித்திரை வீதியில், முதல் மாடி. இரண்டு படுக்கையறை. பாத்ரூம் ஒன்றரை — அந்த அரையில் நிமிர்ந்து நிற்க முடியாது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தால் இந்த வீடு சத்திரமாகிவிடும். ஸ்ரீரங்கத்தில் வீடு உள்ளவர்களுக்கு இது புதிதில்லை. அந்த ஒரு நாள், பெருமாளுக்குப் பின்னால் பரமபத வாசலைத் தாண்டினால் வைகுண்டம் நிச்சயம். வைகுண்டத்துக்குப் போகிறவர்கள் முந்தின நாள் எங்கேயாவது படுக்க வேண்டாமா?

"பெரிய கூட்டம் எல்லாம் இல்ல மன்னி, நாலே பேர்தான்," என்று போன் வரும். இப்படி மூன்று 'நாலே பேர்' வருவார்கள்.

அன்றைக்கு எல்லாரும் உபவாசம். உபவாசம் என்றால் பட்டினி என்று நினைத்துவிடாதீர்கள். அரிசி மட்டும்தான் கூடாது. காலையில் உப்புமா, மத்தியானம் கோதுமை அடை, நடுவில் சுண்டல், சாயங்காலம் மறுபடி ஏதாவது பலகாரம். சாதாரண நாளில் இரண்டு வேளை சமைக்கிற வீட்டில் உபவாச நாளில் நான்கு வேளை அடுப்பு எரியும். மறுநாள் துவாதசி. சூரியன் வருவதற்குள் அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடியோடு முழுத் தளிகை. அப்புறம் எல்லாரும் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, "மன்னி கைத் தளிகைக்கே வரலாம்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறுவார்கள். தலையணை உறைகள் இங்கே இருக்கும்.

வேதா கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்து நாற்பத்தாறு வருடம். என் பெரியப்பா பிள்ளைகள், அவர்களுடைய மாமனார்கள், ஒரு வருடம் பெங்களூரிலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு வந்த வேன் டிரைவர் — எல்லாரும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போய் ஏகாதசியன்று அந்த வாசலைத் தாண்டியவர்கள். வேதா மட்டும் ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. வாசல் திறக்கிற நேரத்தில் அவள் ரவை வறுத்துக்கொண்டிருப்பாள். டி.வி.யில் பார்ப்பாள். கோயில் நடந்து போகிற தூரம். பெருமாள் அவளுக்கு வந்தது கேபிள் வழியாக.

வைகுண்டம் போனவர்களுக்கெல்லாம் வழியில் காபி கொடுத்தவள்.

இதை அவள் என்னிடம் குறையாகச் சொன்னதே இல்லை. நான்தான் குறை சொல்வேன். எத்தனை டம்ளர் காபி போயிற்று, யார் இரண்டு தலையணை எடுத்துக்கொண்டார்கள், எத்தனை வாளி வெந்நீர்... மார்கழி முடியும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கு அடுத்த வியாழன். சென்னையிலிருந்து என் தங்கை குமுதாவின் போன் வந்தது. நாலே பேர். வேதா "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டாள். போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பகலில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு.

"ஏன்னா, இந்த வருஷம் எனக்கு ஒர்க்கர் இக்கே."

"எதுக்கு?"

"உப்புமாவுக்கு, அடைக்கு, கீரை ஆயறதுக்கு. எல்லாத்துக்கும். உடம்புக்கு ஒண்ணும் இல்ல. பண்ணணும்னா பண்ணிடுவேன். ஆனா சரக்கு தீர்ந்துபோச்சு."

"சரி."

"இந்த ஒரு வருஷம் நான் போறேன். பெருமாள் பின்னால அந்த வாசல்ல நான் போகணும்."

அறுபத்தெட்டு வயது. இத்தனை வருடத்தில் வாய்விட்டு என்னிடம் கேட்டது என்று பார்த்தால், ஒரு மிக்ஸி, ஒரு கண் ஆபரேஷன், இப்போது இது.

"எங்கிட்ட விடு," என்றேன். "நான் பேசிக்கறேன்."

அங்கேதான் தவறு நடந்தது. நான் பேசவில்லை. எழுதினேன்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. ஐம்பத்தேழு பேர். காலை வணக்கம், கோலம், யாரோ அனுப்பிய மூட்டுவலித் தைலம் — இதைத் தவிர அதில் ஒன்றும் வராது. நான் எழுதி, அடித்து, மறுபடி எழுதிக் கடைசியில் இப்படிப் போட்டேன்: 'இந்த வருடம் வேதாவுக்குத் தெம்பில்லை. ஆகவே ஏகாதசிக்கு எங்கள் வீட்டில் யாரையும் வைத்துக்கொள்ள இயலாத நிலை. பொறுத்துக்கொள்ளவும்.'

நார்வேயில் இதைப் போட்டிருந்தால் சரி என்று ஒரு பதில் வந்திருக்கும். மழை பெய்துகொண்டிருக்கும்.

இங்கே என்ன ஆயிற்று?

முதல் போன் குமுதா.

"அண்ணா, மன்னிக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. தெம்பில்ல."

"தெம்பில்லன்னா எப்படி இல்ல? எப்போலேர்ந்து? ரத்தம் டெஸ்ட் பண்ணினேளா?"

"அதெல்லாம் வேண்டாம் குமுதா. அவ நன்னாத்தான் இருக்கா. சமைக்கத் தெம்பில்ல, அவ்வளவுதான்."

"மன்னிக்குச் சமைக்கத் தெம்பில்லன்னா ஏதோ பெருசா இருக்குண்ணா. நீ மறைக்கற."

"மறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

"உன் குரலே சரியில்ல. நான் கிளம்பி வரேன்."

போனை வைப்பதற்குள் இன்னொன்று. பெங்களூரிலிருந்து பெரியப்பா பிள்ளை சம்பத். பத்து வருடமாக எங்களோடு அவ்வளவு பேச்சில்லாதவன். "எங்கம்மா போனப்போகூட மன்னிதான் கூட இருந்தா. நான் வராம இருப்பேனா?" என்றான். தொட்டியத்திலிருந்து வேதாவின் தம்பி ராமு. அவன் ஒன்றும் கேட்கவில்லை. "அத்திம்பேர், பஸ் ஏறிட்டேன்," என்றான்.

ஏகாதசிக்கு வராதே என்று சொன்னால் வருத்தப்படுவார்கள், ஆனால் வரமாட்டார்கள். உடம்பு முடியவில்லை என்று சொன்ன வீட்டுக்கு வராமல் இருந்தால் அது மனுஷத்தன்மையே இல்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு நார்வே வினைச்சொல் கையில் கிடைத்த சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

வழக்கமாகத் தசமி அன்று சாயங்காலம் வருகிறவர்கள் இந்த வருடம் ஐந்து நாள் முன்னதாகவே வந்தார்கள். எந்த வருடமும் வராதவர்களும் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் மாதுளம்பழம். சத்துமாவு டப்பா ஏழு சேர்ந்தது. ராமு ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு மாடி ஏறினான். அந்தத் தாரை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் பாத்ரூமில் மாட்டினோம். அந்த அரை பாத்ரூமில்.

வந்தவர்கள் வேதாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "எப்படி இளைச்சுட்டா பாரு," என்றார்கள். அவள் இளைக்கவில்லை. "கண்ணைச் சுத்திக் கறுப்பு," என்றார்கள். அது பிறந்ததிலிருந்து இருக்கிறது. நலம் விசாரிக்க வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் இருக்கலாமா? வேதா எழுந்துபோய்க் காபி போட்டாள். நோயாளி போட்ட காபியைக் குடித்துக்கொண்டே நோயாளியைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். "நீ ஏன் எழுந்துக்கறே?" என்று கேட்டார்கள் — டம்ளரை வாங்கிக்கொண்ட பிறகு. திருவானைக்காவலில் அரைத்து வாங்கிய காபிப்பொடி, மாதம் முழுக்க வர வேண்டியது, மூன்றாம் நாள் தீர்ந்தது.

குமுதா மட்டும் உதவி செய்யக் கிளம்பினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"மன்னி, நீங்க உக்காருங்கோ. நான் பாத்துக்கறேன்... மன்னி, வெந்தயம் எங்க?"

"ரெண்டாவது தட்டுல, பச்சை மூடி."

"இங்க இல்லையே... மன்னி, இந்த அடுப்பு பத்தலயே... மன்னி, புளி எவ்வளவு போடுவேள்?"

அரை மணியில் வேதா உள்ளே போனாள். குமுதா வெளியே வந்து விசிறிக்கொண்டாள். "மன்னிக்கு யார் கையும் பிடிக்காது," என்றாள்.

அன்று சாயங்காலம் வேதா என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டாள். கோபமாகப் பேசுவாள் என்று நினைத்தேன். பேசவில்லை.

"எத்தனை பேர்னு எண்ணிட்டேளா?"

"பதிமூணு. நாளைக்கு இன்னும் ஒருத்தர்."

"நீங்க எங்கிட்ட விடுன்னேள்."

"இவா இப்படி அர்த்தம் பண்ணிப்பான்னு நான்... இப்ப பாரு, தலையணை நாலு குறையறது, இந்த சம்பத் வேற..."

"உங்க கணக்கைக் கேக்க இப்ப எனக்கு ஒர்க்கர் இக்கே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு பிரயோகம் உண்டு என்று பத்மா சொல்லியிருந்தாள். சரியாகத்தான் இருந்தது.

தசமி வந்தது. கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் யார் எப்போது குளிப்பது, எந்த வழியாகப் போவது, கோயில் மணல்வெளியில் எங்கே நின்றால் பெருமாள் வாசலைத் தாண்டி வருவது தெரியும் என்று திட்டம் நடந்தது. சம்பத் ஒரு காகிதத்தில் கோயில் படமே போட்டுவிட்டான். வேதா கதவோரம் நின்றிருந்தாள். நாளைக்குக் கட்டிக்கொள்ள அரக்குப் புடவையைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அது எனக்கு மட்டும் தெரியும்.

"மன்னி வர வேண்டாம்," என்றாள் குமுதா, ரொம்பப் பிரியமாக. "இந்த உடம்பை வச்சுண்டு அந்தக் கூட்டத்துல போயிடப்போறா. ஆத்துலயே இருக்கட்டும். டி.வி.ல நன்னாத் தெரியும்."

"அதுதான் சரி," என்றான் சம்பத். "மன்னிக்கும் சேர்த்து நாங்க சேவிச்சுண்டு வந்துடறோம்."

"வரச்சே ஒன்பது ஆயிடும்," என்றார் குமுதாவின் கணவர். "எல்லாருக்கும் பசிக்கும். ரொம்ப வேண்டாம் மன்னி, சும்மா ஒரு உப்புமா போதும்."

எப்படி இருக்கிறது? சமைக்கத் தெம்பில்லை, கோயிலுக்குப் போக வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். அது ஊரைச் சுற்றி, பெங்களூர் போய், தொட்டியம் போய், சித்திரை வீதிக்குத் திரும்பி வரும்போது, அவள் கோயிலுக்குப் போகக் கூடாது, சமைக்கலாம் என்று ஆகிவிட்டது. ஒருவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

வேதா அடுக்களைப் பக்கம் திரும்பினாள். ரவை டப்பாவை இறக்குகிற சத்தம் கேட்டது.

எனக்கு அப்போதுதான் பத்மா சொன்ன கடைசி விஷயம் ஞாபகம் வந்தது. குக்கர் விசிலில் பாதி போனது. இதைக் கேள்வியாகவும் கேட்பார்கள். கேட்டுவிட்டுத்தான் வேலை சொல்வார்கள். கூடத்தில் இருந்த பதினான்கு பேரில், என்னையும் சேர்த்தால் பதினைந்து பேரில், ஒருவராவது வேதாவிடம் இதுவரை கேட்டோமா? அவளுக்காக வந்தோம். அவளுக்காகப் பழம் வாங்கினோம். அவளுக்காக முடிவும் செய்துவிட்டோம்.

நான் எழுந்து நின்றேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. வகுப்பில்கூடப் பலகையைப் பார்த்துத்தான் பேசுவேன்.

"வேதா, இங்க வா."

வந்தாள். கையில் ரவை டப்பா.

"நாளைக்கு உப்புமா கிண்ட ஒர்க்கர் டூ?"

"ஒர்க்கர் இக்கே," என்றாள்.

"கோயிலுக்குப் போக? நாலு மணி நேரம் கூட்டத்துல நிக்க?"

"ஒர்க்கர்," என்றாள்.

"என்ன பாஷை இது?" என்று குமுதா கேட்டாள். "ஜுரம் தலைக்கு ஏறிடுத்தா? யாருக்கு?"

"யாருக்கும் இல்ல," என்றேன். "உங்க மன்னிக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஒரு நோயும் இல்ல. நாற்பத்தாறு வருஷமா அந்த வாசல்ல போகல. நாளைக்குப் போறா."

"அப்போ உப்புமா?" என்றார் குமுதாவின் கணவர். அவருக்குச் சந்தேகங்கள் எப்போதும் நேரானவை.

"நான் பண்றேன்."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நானே கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். வேதா சிரிக்கவில்லை. ரவை டப்பாவை என் கையில் கொடுத்தாள்.

"பச்சை மூடில வெந்தயம். உப்புமாக்கு வேண்டாம். கடுகு சிவப்பு மூடி," என்றாள்.

"வேதா மன்னி, நான் கையைப் பிடிச்சு அழைச்சுண்டு போறேன்," என்றான் சம்பத். மறுநாள் ராமுதான் அழைத்துக்கொண்டு போனான்.

அவர்கள் போன பிறகு வீடு இவ்வளவு பெரியதா என்று எனக்குத் தோன்றியது. டி.வி.யைப் போட்டேன். சத்தத்தைக் கூட்டிவிட்டு அடுக்களைக்குள் போனேன். ரவையை வறுத்தேன் — அல்லது வறுத்ததாக நினைத்தேன். தண்ணீர் கொதித்தது. ஒரு கையால் ரவையைக் கொட்டி ஒரு கையால் கிளற வேண்டும் என்கிறார்கள். எனக்கு இரண்டு கையும் ஒரே வேலையைத்தான் செய்யும். சரியாக அந்த நேரத்தில் டி.வி.யில் வாசல் திறந்தது. ஓடி வந்து பார்த்தேன். ரத்தினாங்கியில் பெருமாள். பின்னால் தலைகள். அந்தத் தலைகளில் அரக்குப் புடவையைத் தேடினேன். மார்கழி ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் அரக்குப் புடவை எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். இந்த ஜன்மத்தில் நான் பாதியில் விட்ட கணக்கு அது ஒன்றுதான்.

அடுக்களைக்குத் திரும்பினபோது கட்டிகள் பிறந்துவிட்டிருந்தன.

ஒன்பது இல்லை, பத்தரைக்குத்தான் வந்தார்கள். முதலில் குமுதாவின் கணவர், பசியோடு. கடைசியில் ராமுவும் வேதாவும். அவள் புடவையில் யாரோ மிதித்த கால் தடம் இருந்தது. செருப்பு ஒன்றைக் காணோம். நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"போனியா?"

"போனேன்."

"பெருமாளைப் பார்த்தியா?"

"எங்க பாக்கறது? எனக்கு முன்னால ஒருத்தர், இவ்வளவு அகலம். வாசலைத் தாண்டற வரைக்கும் அவர் முதுகைத்தான் பார்த்தேன்." காலை நீட்டிக்கொண்டாள். "நன்னா இருந்தது."

டி.வி.யில் நான் பெருமாளை முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து எல்லாம் பார்த்திருந்தேன். சொல்லவில்லை.

உப்புமா பரிமாறினேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. உபவாசத்தின் பெருமையே பசிதான் என்று அன்று புரிந்தது. பாத்திரத்தில் மிச்சம் இல்லை. மறுநாள் துவாதசித் தளிகையைக் குமுதாவே செய்தாள். வேதாவிடம் கேட்க முடியாது, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வெந்தயம் தானாகக் கிடைத்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல. ஏகாதசியன்று எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, வேதா நாற்காலியில் இருந்தபடியே என்னைப் பார்த்து, "ஏன்னா, ஒரு வாய் காபி..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். "போட ஒர்க்கர் டூ?" என்றாள்.

யோசித்துப் பாருங்கள். நாற்பத்தாறு வருடத்தில் நான் அவளிடம் எத்தனை காபி கேட்டிருப்பேன்? இந்தக் கணக்கை மட்டும் போடாமல் இருப்பது நல்லது. அதில் ஒரு தடவைகூட இந்தக் கேள்வி முன்னால் வந்ததில்லை. கால் வலித்தது. முதுகு வலித்தது. கேட்டுவிட்டாளே, அப்புறம் என்ன? போட்டேன். சர்க்கரை கூடிவிட்டது. குடித்துவிட்டாள்.

துவாதசி மத்தியானம் எல்லாரும் கிளம்பினார்கள். ரயிலுக்கு ஆட்டோ வந்து நின்றது. குமுதா கடைசியாகப் படி இறங்கினாள். பாதியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா, உன் உப்புமா ஒண்ணும் மோசமில்ல. அடுத்த வருஷம் இவரோட அண்ணா ஆத்துலேர்ந்தும் வரணும்ங்கறா. பெரிய கூட்டம் இல்ல. நாலே பேர்தான்."

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அர்த்தம் தெரியும், பிரயோகம் தெரியும், எதிர்மறை தெரியும். மேலே பால்கனியில் வேதா நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கென்ன, வாங்கோ," என்றேன்.